பெயரில் வாழும் வைத்தியர்: சாள்ஸ் டொனவன்

மன்னர்களின் வரலாற்றையும் புலவர்களின் வரலாற்றையும் நம் பாடசாலைகளில் விரும்பிக் கற்பிக்கின்றோம். நுணுக்குக்காட்டியின் முன் குனிந்தபடியே வாழ்நாளின் பெரும் பகுதியைக் கழித்தவர்களின் வரலாறோ நம் செவிகளில் அதிகம் விழுவதில்லை. அவர்கள் கோட்டை பிடித்ததில்லை; காவியம் பாடியதில்லை. ஆயினும் அவர்கள் கண்டு சொன்ன சிறு உண்மைகளால் உயிர்பிழைத்தவர்கள் எண்ணிலடங்கார். அத்தகையோருள் ஒருவரான சாள்ஸ் டொனவன் என்னும் ஐரிஷ் வைத்தியரைப் பற்றி இங்கு எழுத முற்படுகின்றேன். சென்னைப் பட்டணத்திலே இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர் அவர். தமிழ் நோயாளரின் படுக்கையருகே நின்றவர். எனினும் தமிழராகிய நம்முள் அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலரே. நானும் அவரை நூலகத்தில் அறிந்தேனல்லேன். என் முன்கையில் தோன்றிய ஒரு சிறு புண்தான் அவரை எனக்கு அறிமுகம் செய்துவைத்தது.

நான் அக்கரப்பத்தனையிற் பிறந்தவன். மலையைச் சுற்றி மலையாய், தேயிலையைச் சுற்றித் தேயிலையாய் விரிந்து கிடக்கும் ஊர் அது. விடியலிற் பெரட்டுக் களத்துக்குப் போகும் தாய்மாரின் காலடியோசையும், மாலையில் லயத்துக் கூரைகளின்மேல் இறங்கும் மூடுபனியுமே என் இளமையின் நினைவுகள். ஆசிரியத் தொழில் ஏற்றபின் சில காலம் வவுனியாப் பகுதியிற் பணியாற்ற நேர்ந்தது. குளிரிலே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வெப்பமும், குளக்கட்டு மாலைகளும் புதுமையாக இருந்தன. மாலைதோறும் விடுதியின் வெளியே, பற்றையோரத்தில் அமர்ந்து மாணவரின் கொப்பிகளைத் திருத்துவது என் வழக்கம்.

ஒருநாள் முன்கையிலே சிவந்த பருவொன்று கண்டேன். நுளம்புக் கடியென்று விட்டுவிட்டேன். வாரங்கள் மாதங்களாயின. பரு பெருத்து, நடுவிலே குழிந்து, ஓரம் தடித்துப் புண்ணாயிற்று. வலியில்லை, அரிப்பில்லை, காய்ச்சலுமில்லை. வலியில்லாத புண்ணுக்கு யார்தான் அஞ்சுவார்? அருகிலிருந்த மருந்தகமொன்றிற் காட்டியபோது, தேமல் படைக்குரிய களிம்பொன்றைத் தந்து அனுப்பினார்கள். நான்கு மாதம் அதனைப் பூசினேன். புண் ஆறவுமில்லை, அதன் இயல்பு யாதென்று எவரும் உற்று நோக்கவுமில்லை. ஈற்றில், தோல்நோய் வைத்தியர் ஒருவர் புண்ணின் ஓரத்தைச் சிறிது சுரண்டியெடுத்து, கண்ணாடித் தகட்டிற் பூசிச் சாயமேற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கினார். நான் விஞ்ஞான ஆசிரியன் என்று அறிந்ததும் என்னையும் நோக்கச் சொன்னார்.

நீல நிறமான பெரிய கலமொன்றின் உள்ளே, மிளகாய் விதைகளை உள்ளங்கையில் அள்ளி வைத்தாற்போல, நுண்ணிய நீள்வட்ட உருக்கள் பல கிடந்தன. ஒவ்வொன்றினுள்ளும் செவ்வூதா நிறத்தில் ஒரு வட்டப் புள்ளி. அதன் அருகே சிறு கோல் போன்ற இன்னொரு புள்ளி. அவைதாம் லீஷ்மன் – டொனவன் உடலங்கள் என்று வைத்தியர் விளக்கினார். லீஷ்மேனியா டொனவானி என்பது அந்த ஒட்டுண்ணியின் பெயர் என்றும், அதனை முதன்முதல் உயிருள்ள மனிதரின் உடலிற் கண்டவர் சென்னையில் இருந்த டொனவன் என்றும் கூறினார். என் கையிலே குடியிருந்த உயிரின் பெயரில் பாதி ஒரு மனிதருடையது என்பதை அறிந்த அன்றே அம்மனிதரைத் தேடத் தொடங்கினேன்.

சாள்ஸ் டொனவன் 1863 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 19 ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் இந்திய சிவில் சேவையைச் சார்ந்த நீதிபதி. ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர் இவர். தொடக்கக் கல்வியை இந்தியாவிற் பெற்று, பள்ளிப் பருவத்திலேயே அயர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். அங்கு கோர்க் நகரிலே பாட்டனாரின் ஆதரவில் வளர்ந்து, அந்நகரின் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று, 1889 இற் பட்டம் பெற்றார். இரண்டு ஆண்டுகளின் பின், 1891 இல் இந்திய வைத்திய சேவையிற் சேர்ந்து பிறந்த நாட்டுக்கே மீண்டார். அச்சேவையில் சேர்ந்தோர் முதலிற் படைப்பிரிவுகளோடு அலைய வேண்டும் என்பது விதி. டொனவனும் அவ்வாறே சில ஆண்டுகள் அலைந்தார். 1898 இற் சென்னை மருத்துவக் கல்லூரியில் உடற்றொழிலியற் பேராசிரியராக அமர்ந்தபோதுதான் அவருக்கு நிலையானதோர் இடம் வாய்த்தது.

சென்னை மருத்துவக் கல்லூரி 1835 இல் தொடங்கப் பெற்றது. அதனையடுத்துள்ள அரசினர் பொது வைத்தியசாலை அதனினும் பழமையானது. சென்னை சென்ட்ரல் புகையிரத நிலையத்தில் இறங்குவோர் எதிரே காணும் பெருங் கட்டடம் அதுவே. காலையிற் கல்லூரியில் விரிவுரை. பின்னர் வைத்தியசாலை விடுதிகளில் நோயாளரைப் பார்வையிடல். இறந்தாரின் உடலைப் பரிசோதித்தல். எஞ்சிய நேரமெல்லாம் நுணுக்குக்காட்டி. இவ்வாறு சென்றது அவர் வாழ்க்கை. பெரிய ஆய்வுகூடமும் உதவியாளர் கூட்டமும் உடைய ஆராய்ச்சியாளர் அல்லர் அவர். அன்றாடக் கடமையைச் செய்துகொண்டே கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் என்று சொல்வதே பொருத்தமாகும்.

அவர் கண்டதன் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்தில் இந்தியாவை வாட்டிய கொடுநோயொன்றைப் பற்றி முதலில் அறிதல் வேண்டும். வடநாட்டார் அதனைக் கறுப்புக் காய்ச்சல் என்னும் பொருளில் காலா-அசார் என்றனர். நோயாளி மாதக் கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலுறுவான். உடல் எலும்பும் தோலுமாய் மெலிய, வயிறு மட்டும் பானைபோற் பருக்கும். இடப்பக்க விலாவின் கீழ் மண்ணீரல் கல்லுப்போல வீங்கி, தொப்புள்வரை இறங்கும். சிகிச்சையின்றி விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மடிவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அசாமின் பிரமபுத்திரா நதிக்கரைகளில் இந்நோய் ஊர்களையே வெறுமையாக்கிற்று.

இதன் காரணத்தை அறிய அறிஞர் பலர் சென்றனர். 1889 இல் ஆராயச் சென்ற கைல்ஸ் என்பார், நோயாளரின் குடலிற் கொக்கிப்புழுவைக் கண்டு, அதுவே காரணம் என்று முடிவுகட்டினார். பின்னர் சென்ற லெனாட் றொஜர்ஸ் இது கடுமைப்பட்ட மலேரியாவே என்றார். மலேரியா நுளம்பாற் பரவுவதைக் கண்டறிந்த மேதை றொனல்ட் றொஸ் தாமும் சென்று ஆராய்ந்து, மலேரியாவின் தொடர்ச்சியாக வந்த நோயென்றே கருதினார். மூவரும் அறிஞரே, மூவரும் நேர்மையாளரே. ஆயினும், அறிந்த பெயர் ஒன்று கையில் இருக்கும்போது அறியாத பொருளை அதற்குள் அடக்கிவிட விழையும் மனித இயல்பு அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

இங்கே எங்கள் மலைநாட்டையும் சற்று நினைவுகூர வேண்டும். இலங்கைமலைகளிற் கோப்பிச் செடி நோயால் அழிந்து தேயிலை வேரூன்றுவதற்கு இடைப்பட்ட காலத்தில், இம்மலைகளில் துரைமார் பெருவாரியாக நட்டவை கொயினா மரங்கள். 1861 இல் ஹக்கலைப் பூங்கா நிறுவப்பட்டதே கொயினா பயிரிடுதற்காகத்தான். அம்மரத்தின் பட்டையினின்று எடுக்கும் கசப்பு மருந்து மலேரியாக் காய்ச்சலை அடக்க வல்லது. ஆனால் காலா-அசார் நோயாளிக்குக் கொயினாவைக் கொட்டிக் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. மருந்துக்கு அடங்காத காய்ச்சல் தான் மலேரியா அன்று என்பதைத் தானே உணர்த்திக்கொண்டிருந்தது. அதனைச் செவிமடுப்பார்தாம் இலர்.

கல்கத்தாவுக்கு அண்மையில் டம்டம் என்றொரு படைநிலையம் இருந்தது. அங்கு காய்ச்சலுற்று, இங்கிலாந்தின் நெற்லி இராணுவ வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு இறந்த படைவீரன் ஒருவனின் மண்ணீரலை, 1900 ஆம் ஆண்டு நவம்பரில் வில்லியம் லீஷ்மன் என்னும் இராணுவ வைத்தியர் ஆராய்ந்தார். அதிலே நுண்ணிய நீள்வட்ட உருக்கள் நிறைந்திருக்கக் கண்டார். அவை யாவை என்று தெளிய இயலாமல், இரண்டரை ஆண்டு காலம் அக்காட்சியை மனத்துள் வைத்திருந்தார். பின்னர் எலியொன்றின் உடலிற் சிதைந்த திரிப்பனசோம் என்னும் ஒட்டுண்ணிகளைக் கண்டபோது, தாம் முன்பு கண்டவையும் மரணத்தின்பின் சிதைந்துபோன அவ்வகை ஒட்டுண்ணிகளாகலாம் என்று ஊகித்தார். 1903 மே 30 ஆந் திகதி பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் அவ்வூகம் வெளியாயிற்று.

இனிச் சென்னைக்கு வருவோம். லீஷ்மனின் கட்டுரை வெளிவரும் முன்னரே, அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திற் டொனவன் அதே உருக்களைக் கண்டிருந்தார். நாட்பட்ட மலேரியாவால் இறந்தோர் எனக் கருதப்பட்டவர்களின் மண்ணீரலிலே அவை காணப்பட்டன. மலேரியாவின் ஒட்டுண்ணியை அவர் நன்கறிவார். இவை அவையல்ல என்பது அவருக்குத் தெளிவாயிற்று. ஆனால் எவை என்பது விளங்கவில்லை. அந்நிலையிற் கப்பலேறி வந்த சஞ்சிகையில் லீஷ்மனின் கட்டுரையைப் படித்தார். தாம் கண்டதும் அவர் கண்டதும் ஒன்றே என்று உணர்ந்தார். பிறராயின் அத்தோடு மகிழ்ந்து, நானும் கண்டேன் என்று ஒரு கடிதம் எழுதி அமைந்திருப்பர். டொனவனோ ஒரு வினாவை எழுப்பினார். இவை மரணத்தின்பின் சிதைந்தவையாயின், உயிரோடிருப்பவனின் மண்ணீரலில் இருத்தல் கூடாது அன்றோ? அங்கும் இருக்குமாயின் லீஷ்மனின் ஊகம் பிழையாதல் வேண்டும்.

1903 ஜூன் 17 ஆந் திகதி. பொது வைத்தியசாலையிற் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலோடு கிடந்தான். குருதியில் மலேரியா ஒட்டுண்ணி இல்லை. மண்ணீரலோ வீங்கியிருந்தது. டொனவன் ஊசியொன்றை அச்சிறுவனின் மண்ணீரலுட் செலுத்தி, ஒரு துளி குருதியை எடுத்தார். வீங்கிய மண்ணீரலில் ஊசி ஏற்றுவது விளையாட்டன்று. உள்ளே குருதி பெருகி உயிர் போதலும் உண்டு. அந்தத் துளியைத் தகட்டிற் பூசிச் சாயமேற்றி நோக்கியபோது, இறந்தாரின் உடலிற் கண்ட அதே உருக்கள், சிதைவேதுமின்றி முழுமையாய்த் தோன்றின. அவை பிணத்திற் பிறந்த சிதைவுகளல்ல. உயிருள்ள உடலில் உறையும் புதியதோர் ஒட்டுண்ணி என்பது அன்று வெளிப்பட்டது. ஜூலை 11 ஆந் திகதி அதே சஞ்சிகையில் அவருடைய சிறு குறிப்பு அச்சேறிற்று.

சிந்தித்துப் பார்த்தால், லீஷ்மன் ஒரு பொருளைக் கண்டார். டொனவன் அப்பொருள் யாதாக இருத்தல் இயலாது என்பதைக் காட்டினார். காண்பதும் அறிவே, கண்டதைச் சோதிப்பதும் அறிவே. இரண்டாவது அறிவுக்கு முதலாவதைப்போலப் புகழ் வாய்ப்பதில்லை. டொனவன் கதையிலும் அவ்வாறே நேர்ந்தது.

தம் தகடுகளை டொனவன் இரண்டு பேரறிஞருக்கு அனுப்பினார். ஒருவர் பாரிஸ் நகரின் பஸ்தர் நிலையத்திலிருந்த லவரான்; மலேரியா ஒட்டுண்ணியை முதன்முதற் கண்டவர். மற்றவர் லிவர்பூலில் இருந்த றொனல்ட் றொஸ். லவரானும் அவர் துணைவர் மெஸ்னிலும் ஆராய்ந்து, மாடுகளுக்குக் காய்ச்சல் தரும் பைரோபிளாஸ்மா என்னும் இனத்தோடு இதனைச் சேர்த்து, நவம்பர் மாதத் தொடக்கத்திற் பைரோபிளாஸ்மா டொனவானி எனப் பெயரிட்டனர். றொஸ் அதனை ஏற்றாரல்லர். இது முன்னறிந்த எவ்வினத்தையும் சாராதது, முற்றும் புதியது என்று கூறி, அம்மாத இறுதியில் லீஷ்மேனியா என்னும் புதிய இனப்பெயரைப் படைத்தார். முன்னர் இட்ட டொனவானி என்னும் பெயர் உயிரியல் விதிப்படி நிலைத்தது. முதற்பெயர் ஒருவருக்கும் இரண்டாம் பெயர் மற்றவருக்குமாக, இருவரும் ஒரே பெயரில் இணைக்கப்பட்டனர். முன்பு அசாமில் தாம் கொண்ட முடிவு தவறென்பதை அதே றொஸ் இவ்வாறு தம் கையாலேயே எழுதித் திருத்தினார் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சிறிது காலத்தில், அசாமிற் பணியாற்றிய பென்ற்லி என்னும் வைத்தியர் காலா-அசார் நோயாளரிடம் இவ்வுருக்களையே கண்டார். கறுப்புக் காய்ச்சலின் காரணம் இதுவே என்பது அதனால் உறுதியாயிற்று.

முதலிற் கண்டவர் யார் என்னும் பூசல் எழாமல் இருக்குமா? அதுவும் எழுந்தது. நெற்லியில் 1900 இற் கண்டது லீஷ்மன் என்பதும், அச்சில் முந்தியது அவர் கட்டுரை என்பதும் உண்மை. பிறர் சொல்லக் கேளாமல் தாமே கண்டது டொனவன் என்பதும், உயிருள்ள உடலிற் காட்டியது அவரே என்பதும் உண்மை. லீஷ்மன் பின்னர் சேர் பட்டம் பெற்று இராணுவ வைத்திய சேவையின் உயர்பதவிகளுக்கு உயர்ந்தார். அத்தகைய பட்டம் டொனவனைத் தேடி வரவில்லை. அவர் தம் விடுதிகளுக்கும் விரிவுரை மண்டபத்துக்குமே மீண்டார்.

மீண்டவர் ஓய்ந்துவிடவில்லை. 1905 இல், தோலையும் மறைவுறுப்புகளையும் அரிக்கும் வேறொரு புண்ணோயில், கலங்களின் உள்ளே உறையும் பக்டீரியா உருக்களைக் கண்டு விளக்கினார். டொனவன் உடலங்கள் என்பது அவற்றின் பெயர். அந்நோயும் இன்று டொனவனோசிஸ் என்றே வழங்குகிறது. இவ்வாறு தொடர்பற்ற இரு நோய்களில் ஒருவர் பெயரே நிலைத்தமை மருத்துவ வரலாற்றில் அருமையான செய்தியாகும்.

அவர் தவறாதவரும் அல்லர். காலா-அசாரைப் பரப்பும் பூச்சி எது என்னும் வினா அந்நாளில் அறிஞரை அலைக்கழித்தது. அதே சென்னையில் ஆராய்ந்த பற்றன் என்பார் மூட்டைப்பூச்சியை ஐயுற்றார். டொனவனோ குருதி குடிக்கும் பெரிய மூட்டையினமான கொனோரைனஸ் என்பதை ஐயுற்றார். நாய்களின் உடலில் இவ்வொட்டுண்ணி உண்டோ என்றும் ஆராய்ந்தார். 1909 இல் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார். உண்மையில் மூட்டைகள் இரண்டும் குற்றமற்றவை. நுளம்பினும் சிறியதாய், பறப்பதற்கும் வலிமையற்றுத் தத்தித் தத்திச் செல்லும் மணல் ஈயே குற்றவாளி. 1942 இற் சுவாமிநாத், ஷோர்ட், அன்டர்சன் என்னும் மூவர், தாமாக முன்வந்த மனிதரை மணல் ஈக்கள் கடிக்கச் செய்து இதனை ஐயத்துக்கிடமின்றி நிறுவினர். ஒட்டுண்ணியைக் கண்டவருக்கு அதன் வாகனம் அகப்படவில்லை. அறிவு ஒருவர் கைக்குள் முழுதும் அடங்குவதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1911 இற் சென்னை இராயப்பேட்டை வைத்தியசாலை தொடங்கியபோது, அதன் முதல் அத்தியட்சகராக டொனவன் பொறுப்பேற்றார். 1919 இல் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். அறுபது வயதை நெருங்கிய அம்மனிதர் பின்னர் என்ன செய்தார் என்பதே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வண்ணத்துப் பூச்சிகளையும் அந்துப் பூச்சிகளையும் தேடித் திரிவதில் அவருக்குப் பேரார்வம் உண்டு. அயர்லாந்தில் வாழும் அப்பூச்சியினங்களை எல்லாம் வகைப்படுத்தி, 1936 இற் பட்டியல் நூலொன்றை வெளியிட்டார். மண்ணீரலின் துளிக்குருதியில் உருவம் தேடிய கண், புல்வெளியிற் சிறகுகளின் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தது. பார்ப்பதே அவருக்கு வாழ்வாக இருந்தது போலும். இங்கிலாந்தின் குளஸ்ரர்சயர் மாவட்டத்தில், போர்ற்றன்-ஒன்-த-வோட்டர் என்னும் சிற்றூரில், 1951 ஒக்டோபர் 29 ஆந் திகதி, எண்பத்தெட்டாவது வயதில் அவர் மறைந்தார்.

அவர் பிறந்த கல்கத்தாவிலேயே இந்நோய்க்குரிய மருந்து பிறந்ததும் ஒரு வியப்பு. உபேந்திரநாத் பிரமச்சாரி என்னும் வங்காள வைத்தியர் சிறு அறையொன்றில் உழைத்து, அன்ரிமனிச் சேர்வையாகிய யூரியா ஸ்டிபமினை உருவாக்கினார். 1922 இல் அதன் வெற்றி உலகறிய வந்தது. அதன்பின் இறப்போரின் தொகை பெரிதும் வீழ்ந்தது. அதே ஆண்டில், காலா-அசார் ஆறியவர் சிலரின் தோலில் அவ்வொட்டுண்ணி தடிப்புகளாய் வெளிப்படுவதையும் பிரமச்சாரி விளக்கினார். மண்ணீரலில் மறைந்துறைவது தோலிலும் முகங்காட்டக் கூடும் என்பதை மருத்துவ உலகம் அன்றே அறிந்தது. ஆயினும், உள்நோய் ஏதுமின்றித் தோற்புண்ணை மட்டும் தருவது டெல்லிப் புண், அலெப்போப் புண் எனப்பட்டவற்றின் ஒட்டுண்ணிகளே எனவும், டொனவானி உள்ளுறுப்பு நோய்க்கே உரியது எனவும் நூல்கள் வரம்பு கட்டி வைத்தன.

அவ்வரம்பை உடைத்தது நமது சிறு தீவு. இலங்கையிலேயே தொற்றிய தோல் லீஷ்மேனியா நோய் 1992 இல் முதலில் அறிவிக்கப்பட்டது. பின்னர் வடமத்திய பகுதியிலும் தென்பகுதியிலும் நோயாளர் பெருகினர். படைவீரர், விவசாயிகள், பாடசாலைப் பிள்ளைகள் எனப் பலரும் அவருள் அடங்குவர். 2003 இல் இலங்கை ஆராய்ச்சியாளர் இவ்வொட்டுண்ணியின் வகையை ஆராய்ந்து வெளியிட்டபோது பலரும் வியந்தனர். அது தோலுக்குரியதெனப் பெயர்பெற்ற இனமன்று. டொனவன் சென்னையிற் கண்ட லீஷ்மேனியா டொனவானியே. மொன்-37 என்னும் வகையைச் சேர்ந்த அது, இங்கு பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. ஆயினும் உள்ளுறுப்பைத் தாக்கிய நோயாளரும் மிகச் சிலர் பின்னர் அறியப்பட்டுள்ளனர். 2008 முதல் இந்நோய் அரசினருக்கு அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாகிவிட்டது. இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இதற்குச் சிகிச்சை பெறுகின்றனர்.

ஒரே ஒட்டுண்ணி ஒரு நாட்டில் உயிரைக் குடிக்கும் காய்ச்சலாகவும், இன்னொரு நாட்டில் வலியற்ற புண்ணாகவும் தோன்றுவது ஏன் என்பது இலங்கை ஆராய்ச்சியாளர் இன்றும் முயன்று விடை தேடும் வினா. ஒட்டுண்ணியின் மரபணுக்களில் உள்ள நுண்ணிய வேறுபாடுகளை அவர்கள் ஒப்பிட்டு நோக்குகின்றனர். டொனவன் ஒரு துளிக் குருதியில் எழுப்பிய வினாவின் வழித்தோன்றல் இது. அறிந்த பெயர் கையில் இருக்கும்போதும், பொருளை மீண்டும் ஒருமுறை உற்று நோக்க வேண்டும் என்பதே அவ்வினாவின் சாரம்.

என் புண் ஆறிவிட்டது. அதனைச் சுற்றி வாரந்தோறும் ஏற்றிய அன்ரிமனி ஊசியின் வலியை மறந்துவிட்டேன். வடு மட்டும் பழைய ஐந்து சதக் காசளவில் இருக்கிறது. மலையின் குளிர் மணல் ஈக்கு உகந்ததன்று. ஆதலால் அக்கரப்பத்தனையில் இந்நோய் அரிது. ஆனால் எங்கள் பிள்ளைகள் மலையிலேயே நின்றுவிடுவதில்லை. கட்டட வேலைக்கும், கடை வேலைக்கும், அறுவடைக்கும், உத்தியோகத்துக்கும் வரண்ட வலயத்துக்கு இறங்கிச் செல்கின்றனர். திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் மீளும்போது கையிலோ முகத்திலோ வலியில்லாத புண்ணொன்றோடு வருபவரும் இருக்கக்கூடும். அங்கு அதனைக் களிம்பு பூசி மறைப்பர்; இங்கு வருபவரிடம் எவரும் இந்நோயை எதிர்பாரார். நான்கு வாரத்தில் ஆறாத புண்ணைக் கண்டால், அது எங்கிருந்து வந்தவரிடத்து என்று கேட்டு, தோல்நோய் வைத்தியரிடம் அனுப்பி வையுங்கள் என்று என் சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். உரிய காலத்திற் கண்டால் எளிதில் ஆற்றக்கூடிய நோய் இது. கண்டறிவதற்கு வேண்டுவதும் பெரும்பாலும் டொனவன் காலத்தில் இருந்தவையே: ஒரு தகடு, சிறிது சாயம், ஒரு நுணுக்குக்காட்டி, பொறுமையுள்ள இரு கண்கள்.

ஒன்று கூறி முடிக்கின்றேன். லீஷ்மன் என்னும் பெயரும் டொனவன் என்னும் பெயரும் உயிரியல் உள்ளவரை வாழும். ஆனால் அக்கதையில் மூன்றாமவன் ஒருவன் உண்டு. சென்னை வைத்தியசாலையின் கட்டிலிலே, வீங்கிய வயிற்றோடு கிடந்து, உடலில் ஊசியை ஏற்றுக்கொண்ட அச்சிறுவன், மருத்துவ நூல்களிற் பன்னிரண்டு வயதுச் சிறுவன் என்று மட்டுமே குறிக்கப்படுகின்றான். ஒரு துளிக் குருதியால் உலகின் அறிவை மாற்றிய அவனுக்குப் பெயரில்லை. அவன் காலத்தில்தான், சென்னை மாகாணத்தின் ஊர்களினின்று கங்காணியின் பின் நடந்து, கப்பலேறி, எங்கள் பாட்டன்மார் இம்மலைகளுக்கு வந்தனர். அவர்களுட் பெரும்பாலோரின் பெயரும் எந்த நூலிலும் இல்லை. வகுப்பறையில் டொனவனின் வரலாற்றைச் சொல்லும்போதெல்லாம் அச்சிறுவனையும் சேர்த்தே சொல்கின்றேன். என் மாணவர்கள் பெரிய பெயரைக் குறித்துக்கொண்டு, பெயரில்லாதவனைப் பற்றியே என்னிடம் வினாவுகின்றனர்.